அருளம்பலத்தின் கார்டில் வாங்கிய துவக்கு

ஈரக் கம்பளிக் கோட்டு மணம், துவக்குக்குப் பூசும் எண்ணெய் மணம், காலையிலிருந்து சூட்டிலேயே இருந்து கறுத்துப்போன கோப்பி மணம்... இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நான் கனடாவில் முதலில் வேலை செய்த கடை.

மொன்றியலின் லாசால் பகுதியில் துப்பாக்கி விற்கும் ஒரு வேட்டைச் சாமான் கடை. முதலாளி முசியூ ஜெரார். பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள், "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்குக் கடையிலை நிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கே ஒரு துவக்கு விற்க அரை நாள் போகும். ஜெரார் லைசென்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஆளின் முகத்தைப் பார்ப்பார். மனைவி, நாய், போன வருடம் சுட்ட மான் எல்லாவற்றையும் விசாரித்து முடிந்த பிறகுதான் விலைப் பேச்சு. கிரெடிட் கார்டு என்றால் ஒரு இரும்புப் பெட்டியில் வைத்து, கரித்தாள் ரசீதோடு 'சரக்... சரக்' என்று இழுக்க வேண்டும். அது என் வேலை. பின்னேரம் என் விரலெல்லாம் நீலமாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேன். "கார்டுக்காரன் எங்களிட்டை ஒரு பங்கு எடுக்கிறானே. அதை வாங்கிறவரிட்டை எடுத்தால் என்ன?"

அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "கடைக்கு ஹீட்டர் போடுறன். அதுக்கும் அவரிட்டைக் காசு கேக்கிறதே?"

அந்தக் கணக்கு எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது நடப்பதோ எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

கடை எப்போதோ மூடியாயிற்று. அங்கே என்னோடு வேலை செய்த லூக்கோடு வருடா வருடம் காட்டுத் தாரா, அதுதான் காட்டு வாத்து, வேட்டைக்குப் போகிற பழக்கம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. இந்த வருடம்தான் கடைசி. பனி தொடங்க முன்னம் லூக் மகளோடு இருக்க அல்பேர்ட்டாவுக்குப் போகிறான். என் பழைய துவக்கு பழுது. அதனால் புதிதாக ஒன்றை ஒன்லைனில் ஓடர் பண்ணினேன்.

காசு கட்டும் பக்கத்தில், வரிக்குக் கீழே, கார்டில் கட்டுவதற்கென்று ஒரு தொகை தனியாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, கியூபெக்கிலை அப்பிடி எடுக்கேலாது" என்றாள் மனைவி.

கடையோ வேறு மாகாணத்தில். அப்படியென்றால் எந்த ஊர்ச் சட்டம்? தெரியவில்லை. சீசனுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. காசைக் கட்டிவிட்டுப் பிறகு, அந்தத் தொகை ஏன் என்று கடையிடம் கேட்டேன். கேட்காமலே விட்டிருக்கலாம்.

போனில் ஒரு மணித்தியாலம் பாட்டுத்தான். இமெயிலுக்கு "கிடைத்தது" என்று ஆளில்லாத ஒரு பதில். ஒரு கிழமை கழித்து சாட்டில் ஒருவர் வந்தார். கார்டுக் காசைப் பற்றி ஒரு சொல் இல்லை. "லைசென்ஸில் சிவநேசன் அருளம்பலம் என்றிருக்கிறது. கார்டில் அருளம்பலம் சிவநேசன். கார்டு யாருடையது?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். வந்த புதிதில் பாங்கில் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் எழுதிக் கொடுத்தேன். குடிவரவுக்காரர் அதைப் பின்னால் போட்டார்கள். இவ்வளவு காலமும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டாரே என்று நானும் விளக்கமாக எழுதினேன்... "அருளம்பலம் என்பது என் அப்பாவின் பெயர்."

அதுதான் நான் விட்ட பிழை.

"அப்படியானால் இது உங்கள் அப்பாவின் கார்டு. அவர்தான் எங்களோடு பேச வேண்டும்" என்று பதில் வந்தது. இல்லை, இரண்டும் நான்தான் என்று நாலு தரம் எழுதினேன். வாசித்தார்களோ தெரியாது.

மற்றக் கிழமை போன் வந்தது. ஒரு பெண்.

"மிஸ்டர் அருளம்பலம்?"

மொன்றியலில் டொக்டர், பல் டொக்டர், கார் கராஜ் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் பழக்கத்தில் "யெஸ்" என்றேன்.

"இந்தத் துவக்கை உங்கள் மகனுக்காகவா வாங்குகிறீர்கள்?"

அப்பா துவக்கைக் கையால் தொட்டதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, தான் போய்க் கதவடியில் நிற்கிற மனிதர். காணியை விற்று என்னை இங்கே அனுப்பியதே நான் துவக்குத் தூக்கக் கூடாது என்றுதான். அவரா எனக்கு வாங்கித் தரப்போகிறார்...

"இல்லை" என்றேன். "அப்பா இல்லை. போன மாசியில் தவறிவிட்டார்."

"அப்படியானால் பேசுவது யார்?"

"நானும் அருளம்பலம்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஐ ஆம் சாரி" என்றாள், பாவம். பிறகு, இறந்தவரின் கார்டுக்கு விற்க முடியாது என்று ஓடரை ரத்துச் செய்துவிட்டாள். காசு திரும்பி வந்தது. கார்டுக்கென்று எடுத்த தொகை மட்டும் வரவில்லை. அதைத் திருப்பிக் கொடுப்பதில்லையாம்.

லூக் தனியத்தான் வேட்டைக்குப் போனான்.

"எனக்குத்தான் வாங்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். ஏன் தேவையில்லாமல் மாமாவின்ரை கதையை எடுத்தனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியேல்லை" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அப்பா போனபோது தம்பி வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போட்டுவிட்டான். நான் ஒருவருக்கும் சொல்லத் தேவை வரவில்லை. ஜெராரின் கடையில் இருந்த காலமென்றால், லீவு கேட்கவாவது அவருக்கு முன்னால் போய் நின்று சொல்லியிருப்பேன். இப்போது லீவும் ஆப்பில்தான் கேட்கிறேன். காரணம் என்ற இடத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் சரி.

அப்பா இல்லை என்று நான் முதன்முதலாக வாய்திறந்து சொன்னது, பெயர்கூடத் தெரியாத அந்தக் கடைப் பெண்ணுக்குத்தான்.