மகாதேவி வைத்த ரிங்டோன்

2009இல் பூண்டு நல்ல விலைக்குப் போன கையோடு திருமலைச்சாமி திண்டுக்கல் போய் ஒரு தொடுதிரை கேமரா போன் வாங்கி வந்தான். மன்னவனூரில் அப்போது அது ஒன்றுதான். சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடப்பான். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரலால் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். ஆகவே போனைக் கட்டி மேய்க்கும் வேலை மனைவி மகாதேவியின் தலையில் விழுந்தது.

திரையைத் தொட அதனோடு வந்த குச்சியை அவன் முதல் வாரமே தொலைத்துவிட்டான். அவள் நகத்தாலேயே பழகினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள், கேமராவை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். மீசையை முறுக்கி நின்றவனைப் படமெடுத்துத் திரையில் வைத்தாள். படத்தில் மூக்குப் பெரிதாகத் தெரிந்ததற்கு ஓர் அறை கிடைத்தது. மூக்கு அவனுடையது, கன்னம் மட்டும் அவளுடையது!

அடி அவளுக்குப் புதிதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் அடி, கூடினாலும் அடி. ஒருமுறை முதுகுக் காயத்தை அதே போனில் படமெடுத்து ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்துவிடம் காட்டினாள். "காட்டுல விழுந்தாலும் இப்படித்தான கன்னிப்போகும் தாயி" என்று அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பிறகு அவனுக்குத் தன் கிடாயின் கழுத்துமணி ரிங்டோனாக வேண்டும் என்று ஆசை வந்தது. அவள் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டுக் கிடாய் முன்னால் போனை நீட்டினாள். கிடாய் தலையை ஆட்டுவதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. விறகுக் கட்டையை எடுத்தான். முதல் அடி தோளில், அடுத்தது முழங்கையில். எலும்பு முறிந்தது. போன் கீழே விழுந்து எல்லாவற்றையும் பதிவு செய்தபடி கிடந்தது.

கட்டுப்போட்ட கையோடு மகாதேவி ஊரைக் கூட்டச் சொன்னாள். மகளைக் கூட்டிக்கொண்டு வடகவுஞ்சியில் இருக்கும் அண்ணன் ஞானவேல் வீட்டுக்குப் போக ஊர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். "தானா வழுக்கி விழுந்துட்டு என் மேல பழி போடுறா" என்றான் திருமலைச்சாமி. கோயில் வாசலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்த ஊரில் மேற்கொண்டு பேச்சில்லை. அவள் அவன் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

கூட்டத்தன்று காலை, "கிடா மணிய வச்சிட்டியாடி?" என்று கேட்டான்.

"வச்சிட்டேங்க."

அவன் சரிபார்க்க வழியில்லை. அவர்கள் வீடு இருக்கும் பள்ளத்தில் டவர் கிடைக்காது. மேட்டில் கோயில் வாசலுக்கு வந்தால்தான் போன் அடிக்கும்.

சூடம் எரிந்தது. திருமலைச்சாமி கையை ஓங்கினான். மகாதேவி அண்ணனைப் பார்த்தாள். கூட்டத்தின் பின்னால் நின்ற ஞானவேல் தன் போனை அழுத்தினான்.

திருமலைச்சாமியின் பையிலிருந்து திருமலைச்சாமியே கத்தினான்: "வெரசா வையிடி, எம்புட்டு நேரம்?" இரண்டொருவர் சிரித்தார்கள். அடுத்து, "சாவுடி! இன்னைக்கு ஒன்னையக் கொல்லாம விட மாட்டேன்!" கட்டை விழும் சத்தம். "ஐயோ, கை போச்சுங்க, விட்டுருங்க!" அந்த அலறலுக்கு நடுவில்தான் கிடாய் மணி குலுங்கியது.

போனைப் பிடுங்கித் திரையைக் குத்தினான். நிற்கவில்லை. தரையில் வீசினான். அப்போதும் நிற்கவில்லை. "ஊரு முன்னால என்னைய அசிங்கப்படுத்துறியா?" என்று அவள் கூந்தலைப் பற்றிக் கீழே தள்ளி, கட்டுப்போட்ட கையிலேயே மிதித்தான். ஊரே பார்த்தது. நாலைந்து பேர் பாய்ந்து அவனை மடக்கிச் சுவரோடு மோதினார்கள். சூடம் அதுபாட்டுக்கு எரிந்து முடிந்தது. ஞானவேல் விடாமல் மறுபடியும் மறுபடியும் அழைத்தான்.

நாச்சிமுத்து காதைப் பொத்திக்கொண்டார். "மகளக் கூட்டிக்கிட்டுப் போ தாயி, யாரும் தடுக்க மாட்டாங்க. அத மட்டும் நிப்பாட்டு. கேக்க முடியல."

உதட்டில் ரத்தத்தோடு எழுந்த மகாதேவி போனை எடுத்தாள். நகத்தால் ஒரு தொடு தொட்டால் நின்றுவிடும். தொடவில்லை. அவர் காதுப் பக்கமாக நீட்டினாள்.

"முழுசாக் கேளுங்கய்யா. நான் முழுசா வாங்குனேன்ல."