அக்காவின் பெயரில் ஒரு நெஞ்சு

கோலாலம்பூரில் என் படிப்பறையின் கிழக்குச் சன்னலில் ஓர் எக்ஸ்ரே படத்தை இரண்டு வாரம் ஒட்டி வைத்திருந்தேன். வெயில் அந்தச் சன்னலுக்கு ஏழரை மணிக்கு மேல்தான் வரும். நான் ஆறு மணிக்கே அதன் முன் போய் நின்றுவிடுவேன். உட்காருவேன், எழுவேன், சமையலறைவரை போய்த் திரும்புவேன். வெளிச்சம் ஏற ஏற, சாம்பல் தகட்டிலிருந்து முதலில் விலா எலும்புகளும் பிறகு இதயத்தின் விளிம்பும் கடைசியாக இரண்டு நுரையீரல்களும் துலங்கி வரும். நெஞ்சுப் படத்தில் கறுப்பு என்றால் காற்று. காற்று தங்குதடையின்றிப் போய் வரும் இடம். அந்த இரண்டு நுரையீரல்களும் உச்சி முதல் அடி வரை கறுப்பாக இருந்தன. கீழ் மூலையில் என் அக்காவின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அச்சிடப்பட்டிருந்தன. அக்கா காசநோயால் இறந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது மூன்று ஆண்டுகளுக்கு முன், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், அக்கா வாழ்ந்த தொழிலாளர் லயத்து வீட்டின் சமையலறையில். எல்லாரும் முகக்கவசத்தோடு நடமாடிய காலம் அது. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் நெஞ்சுப் படம் எடுக்க ஒரு வண்டி வந்து போயிருந்தது. நான் ஊருக்குப் போனபோது அக்கா படம் இருந்த உறையை என்னிடம் நீட்டிவிட்டு, அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு வெங்காயம் அரியத் தொடங்கினாள். தேயிலைச் சரிவைப் பார்த்த சன்னலில் படத்தை உயர்த்திப் பிடித்தேன். அக்காவின் மகன், என் மருமகன், தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். அடுத்த வீட்டுக் கங்காணியம்மா வாசற்படியிலேயே நின்றார். கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்வையிட்ட கங்காணியின் மனைவி. கணவர் போன பிறகும் அந்தப் பட்டம் அவரிடம் தங்கிவிட்டது.

"எப்படி இருக்கு தம்பி நெஞ்சு?" என்று கேட்டார்.

"சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கலா. டாக்டரு வாய்ல வர்ற வார்த்த."

"நல்லாப் பாத்துட்டேன். ஒரு புள்ளிகூட இல்ல."

அக்காவைவிடக் கங்காணியம்மாதான் அதிகம் மகிழ்ந்தார். அன்று மாலை அவர் வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வந்தது. அதை அயலாரின் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். குழம்பும் நன்றாகவே இருந்தது.

நான் ஏன் நுரையீரல் படங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டேன் என்று மாணவர்கள் கேட்டதுண்டு. வேலை நேரம் ஒழுங்கானது என்று சொல்லித் தட்டிக்கழிப்பேன். உண்மையில் என் ஐந்தாம் வயதில், தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் என் தந்தையின் படத்தைச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, முகம் மட்டும் மாறியது. மறுநாள் காலையில் ஒரு லாரி தந்தையைச் சமவெளியில் இருந்த காசநோய் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது. அவர் திரும்பி வரவில்லை. அந்தப் படத்தில் டிரஸ்ஸர் என்ன கண்டார் என்பதை அறிய நான் லண்டன்வரை போய்ப் படித்தேன். அக்கா எங்கும் போகவில்லை. அவளுக்கு அப்போது பதினொரு வயது. டிரஸ்ஸரின் முகத்தை அவளும் பார்த்திருந்தாள் என்பதை நான் ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

சமையலறையில் படம் பார்த்த அடுத்த ஆண்டு அக்காவின் இருமல் தொலைபேசியில் எனக்குக் கேட்கத் தொடங்கியது. "இந்தக் குளிருக்கு யாருக்குத்தான் இருமல் இல்ல, நீ வேற" என்பாள். மருமகன் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுபவன்; வாரத்தில் மூன்று நாள் மலையில் இருக்கமாட்டான். அவன் ஒருமுறை அழைத்தான். "அம்மா ரொம்ப இருமுறாங்க மாமா. எளச்சும் போயிட்டாங்க. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிறவா?" நான் சொன்ன பதில் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "நான்தான் படம் பார்த்தேனே. நுரையீரலில் ஒன்றும் இல்லை. பனிக்காலம் கழியட்டும்." ஓராண்டுக்கு முந்தைய படம் இன்றைய இருமலுக்கு விடையாகாது. ஒரு மாணவன் இப்படிச் சொல்லியிருந்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். மருமகன் என் சொல்லை ஏற்றுக்கொண்டான். தாயின் நெஞ்சை ஊடுருவிப் பார்த்தவன் நான் என்று நம்பினான். பனிக்காலம் கழிந்தது, அதற்கடுத்த பனிக்காலமும் வந்தது.

இருமலில் இரத்தம் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் படங்களை எனக்கு அனுப்பினார்கள். இடது நுரையீரலின் உச்சியில் ஒரு பெரிய குழி. அதைச் சுற்றியும் கீழும், எங்கள் துறையில் துளிர்விட்ட கிளை என்று அழைக்கும் அடையாளம்: நோய் நிரம்பிய நுண்ணிய மூச்சுக்குழல்கள் கிளைத்து, நுனிகளில் மொட்டுப்போலத் திரண்டு நிற்கும். முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்ட நாளில், கவாத்து செய்த தேயிலைச் செடியில் புதுக் கொழுந்து வெடிப்பது என் நினைவுக்கு வந்தது. இதைத்தானே எங்கள் வீட்டுப் பெண்கள் விடிந்தால் கிள்ளினார்கள் என்று வகுப்பில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அக்காவின் ஸ்கேனில் அது இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. மருந்து தொடங்கிய மூன்றாம் வாரம் மறுபடி இரத்தம் பெருகி அவள் இறந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது மருமகன் அந்தப் பழைய உறையை என்னிடம் தந்தான். "அம்மா நல்லா இருந்தப்ப எடுத்தது மாமா. நீங்களே வச்சுக்குங்க." வீட்டுக்கு வந்து சன்னலில் ஒட்டினேன். என் கண்ணுக்கு ஏதோ தப்பியிருக்க வேண்டும். குழிக்கு முன்னோடியாக ஓர் இழையாவது அங்கே இருந்திருக்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நான்கு காலைகள் தேடினேன். ஐந்தாம் காலையில், களைத்துப்போய்ப் பார்வையை மேலே நகர்த்தியபோது, கழுத்துக்குக் கீழே இரண்டு காறையெலும்புகளையும் பார்த்தேன்.

இரண்டும் நேராக இருந்தன.

தந்தை போன மழைக்காலத்தில் அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். என்னைக் கீழே விடவில்லை. அவளுடைய இடது காறையெலும்பு முறிந்தது. டிரஸ்ஸர் துணியால் கட்டி அனுப்பினார். எலும்பு கோணலாகக் கூடி ஒரு முண்டாக நின்றது. அந்த முண்டில் கன்னம் அழுந்தித்தான் நான் பல ஆண்டுகள் தூங்கினேன். கடைசி ஸ்கேனில்கூட அது தெளிவாகத் தெரிந்தது. வளைந்து கூடிய எலும்பு ஒருபோதும் நேராகாது. நெஞ்சுப் படத்தை நுரையீரலில் தொடங்காதீர்கள், அது கண்ணை இழுத்துக்கொள்ளும், எலும்புகளில் தொடங்குங்கள் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அக்காவின் சமையலறையில் நேராக நுரையீரலுக்குப் போயிருந்தேன்.

அதன்பின் எந்த நாற்காலியும் எனக்கு ஒத்துவரவில்லை. செய்தித்தாளைப் பாதியில் வைத்துவிட்டு எழுவேன். குளிக்கப் போனவன் துண்டோடு சன்னலுக்குத் திரும்புவேன். அது யாருடைய நெஞ்சு என்ற கேள்வியைவிட, அக்காவின் படம் எங்கே என்ற கேள்விதான் என்னை நடக்கவைத்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மலைக்குக் காரை எடுத்தேன்.

கங்காணியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் அவருடைய கை நின்றது. நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாந்தான் தம்பி நின்னேன்" என்றார். "உக்காருங்க, சொல்றேன்."

நான் நின்றபடியே கேட்டேன்.

"காலையில ஆளுக் கணக்கெடுக்கிற பெரட்டுல எத்தன நாளு எனக்குப் பதிலா உங்கக்கா பேரு குடுத்திருக்கா, தெரியுமா? புள்ளைக்குக் காய்ச்சல்னா அவ என் பேருக்குக் கைதூக்குவா. நான் அவ பேருக்கு. எங்க வீட்டுக்காரருக்கே தெரியும், கண்டுக்க மாட்டாரு. அந்த மாதிரிதான் இதுவும்னு நெனச்சேன்."

"அக்கா ஏன் போகவில்லை?"

"அவளுக்கு அப்பவே இருமல் இருந்திச்சு. நீங்க வந்தா வாயில துணிய வச்சு அமுக்கிக்குவா. 'படம் எடுத்தா என் தம்பி பாப்பான். அந்த மொகம் மாறுறத இன்னொரு தடவ நான் பாக்க மாட்டேன்'னா. உங்கப்பா கதையச் சொல்லி ஒரே அழுக. போடி பைத்தியம், அவ்ளோதானே, நான் நிக்கிறேன்னு அவ ஐசி அட்டைய வாங்கிட்டுப் போனேன். மொகத்துல கவசம், தலையில குல்லா. என்னையும் அவளையும் யாரு பிரிச்சுப் பாத்தா?"

"உங்கள் படம்?"

"என் பேரக் கூப்புட்டப்ப ஆளு ஊர்ல இல்லன்னு சொல்லச் சொல்லிட்டேன். ஒரே நெஞ்ச ரெண்டு பேர்ல காட்டுனா மெசினு கண்டுபிடிச்சிராதா?" பேச்சின் நடுவே இருமினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "இப்பகூட உங்கக்கா போனப்புறம் கிளினிக்காரங்க வந்தாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் படம் எடுக்கணுமாம். நான் போகல. அதே நெஞ்சுதானே, மாட்டிக்குவேன்ல?"

கருவிக்கு யாரையும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அடையாளம் கண்டிருக்க வேண்டியவன் நான். அவர் மறுபடி இருமினார். அந்த இருமலை எனக்குத் தெரியும்; இரண்டு பனிக்காலம் தொலைபேசியில் கேட்டது.

"எத்தனை நாளாக இருக்கிறது?"

"இந்தக் குளிருக்கு யாருக்குத்தான் இல்ல?"

"நாளைக் காலையில் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகிறோம். உங்கள் பேரிலேயே."

மீதிக் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "சரி, வர்றேன். உங்க மருமகன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க தம்பி. அவன் என் கையால தின்னு வளந்தவன். அவங்கம்மா நோவ நாந்தான் மறச்சேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டான்."

மருமகனே தன் காரில் எங்களை அழைத்துச் சென்றான். வழியெல்லாம் அவரைச் சீண்டிக்கொண்டு வந்தான். "ஊசின்னா கத்துற ஆளு, இன்னிக்கு மாமா கூப்டதும் வந்துட்டீங்களே." கங்காணியம்மா முன்னிருக்கையில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். என் பையில் அந்த உறை இருந்தது. எதற்காக எடுத்து வந்தேன் என்று எனக்கே தெளிவில்லை.

புதிய படம் மருத்துவரின் திரையில் வந்தது. இந்த முறை எலும்புகளில் தொடங்கினேன். நேரான காறையெலும்புகள், இரண்டு வாரம் என் சன்னலில் இருந்தவை. பிறகு வலது மேற்புறம், இரண்டாம் விலா இடைவெளியில், மங்கலாக ஒரு வெண்மை. இளம் மருத்துவர் திரும்பி, பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் என் பணியில் ஒரு நாளும் கழிந்ததில்லை. இல்லை என்றிருக்கலாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் அது இல்லாமலே நடந்திருக்கும். மருமகன் கதவருகில் நின்றிருந்தான். கங்காணியம்மா என் கையைப் பார்த்தார்.

உறையை எடுத்துக் கொடுத்தேன்.

மருத்துவர் மூலையைப் படித்துவிட்டு, இது வேறொருவருடைய பெயர் அல்லவா என்றார். பெயர் வேறு, நெஞ்சு இவருடையது என்றேன். தமிழிலும் அதையே சொன்னேன், மருமகனைப் பார்த்து.

"நாந்தான்டா" என்றார் கங்காணியம்மா.

மருமகன் திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அதில் எதுவும் தெரிந்திருக்காது. பிறகு என்னிடம்தான் கேட்டான்.

"அப்ப அம்மாவோடத நீங்க பாக்கவே இல்லியா மாமா?"

"பார்க்கவில்லை."

அவன் வெளியே போனான். நாங்கள் மருந்துச் சீட்டோடு வந்தபோது காரின் அருகில் நின்றிருந்தான். கங்காணியம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான். வழியில் கியா பார்ம் சந்தையருகே நெரிசல். லயத்தில் இறங்கும்போது, "மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க, நான் வந்து பாப்பேன்" என்று மட்டும் அவரிடம் சொன்னான். என்னிடம் விடைபெறவில்லை. இன்னும் என்னை அழைக்கவில்லை. அந்த ஒரு பதிலைச் செரித்துக்கொள்ள அவன் எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் அது அவன் உரிமை.

அந்தப் படம் இப்போது கங்காணியம்மாவின் கோப்பில், பெயர் திருத்தப்பட்டு இருக்கிறது. அக்கா நலமாக இருந்தபோது எடுத்த படம் என்று எதுவும் இல்லை. சன்னலில் ஒட்டுநாடாவின் நான்கு தடங்கள் மட்டும் மிச்சம். காலையில் கால்கள் என்னை இன்னும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கங்காணியம்மா தேவாலயத்துக்குக் கிளம்புமுன் அங்கே நின்றபடியே தொலைபேசியில் அழைக்கிறேன். அவருடைய காசநோய் மருந்து நான்காம் மாதத்தில் இருக்கிறது. நலம் விசாரித்த பிறகு, ஒருமுறை இருமிக் காட்டச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

சென்ற ஞாயிறு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

"வரமாட்டேங்குதுலா தம்பி" என்றார். "உங்களுக்காகப் பொய்யா ஒண்ணு இருமட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். வெயில் சன்னலுக்கு வரும்வரை தொலைபேசியை வைக்காமல் நின்றிருந்தேன்.