அக்கா இறங்காத கடல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி முடிந்த கையோடு மகள் தன் செல்போனை டிவியில் இணைத்தாள். அந்தமான் போட்டோக்கள். போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் நேரம் கிடைத்ததாம்!

தண்ணீருக்குள் மகன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். தண்ணீருக்குள் மனைவி, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியோடு. தண்ணீருக்குள் நான்… கடல் என்னும் அவ்வளவு பெரிய இடத்திலும் முதலில் தெரிவது என் தொப்பைதான். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"ஏப்பா, அத்தை ஒரு போட்டோலகூட இல்லயே?" என்றான் மகன்.

இருந்தாள். ஒன்றே ஒன்றில். நான் ஒரு மரத்தைப் படமெடுத்தபோது தற்செயலாக விழுந்திருக்கிறாள். மரத்தடியில் பெட்ஷீட் விரித்து, ஏழு பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை டிபன் கேரியர் மேல் இருக்கிறது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மச்சான் தவறிய பிறகு போடியில் எங்களோடுதான் இருக்கிறாள். இன்றைக்கும் விடிந்தும் விடியாமல் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். ஏலக்காய் செடியின் தூரில்தான் காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். வேண்டாம் என்று நாங்கள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "வீட்டுல சும்மா கெடந்தா ஒடம்பு நோகும்ப்பா" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் குடும்பத்திலும் இருக்கும், யோசித்துப் பாருங்கள். அருவிக்குப் போனால் எல்லோரும் குளிப்பார்கள்… ஒருவர் மட்டும் பையைப் பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கம் அதற்குக் காரணமும் உண்டு. குரங்கு! கும்பக்கரையாகட்டும், சுருளியாகட்டும், குரங்கணி போகிற வழியாகட்டும் — ஒரு நிமிடம் அசந்தால் புளியோதரையோடு பையும் மரத்தில் ஏறிவிடும். அதனால் காவல் வேண்டும். காவலுக்கு அக்கா. யாரும் நியமிக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள், நாங்கள் குளித்தோம். நாற்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

அந்தமானுக்கு "அத்தை வந்தாத்தான் நானும் வருவேன்" என்று அடம்பிடித்தவள் மகள். வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவிக்கும் சந்தோஷம். முதல் விமானப் பயணம்… அக்கா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. அக்காவைக் கடல் தாண்டிக் கூட்டிவந்துவிட்டேனே!

ஹேவ்லாக் தீவில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள். அதற்குள் மூன்று கடற்கரை என்று திட்டம் போட்டிருந்தேன். முதல் இடத்துக்குப் படகில் போகவேண்டும். அங்கேதான் ஸ்நார்க்ளிங். கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கடித்துக்கொண்டு, தண்ணீர் மேல் குப்புற மிதந்தபடி கீழே இருக்கிற மீன்களைப் பார்ப்பது. நீச்சல் தெரிய வேண்டாம். லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள். கூடவே ஒரு ஆள் ரப்பர் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார்.

எங்களுக்கு அமைந்தவர் ராமநாதபுரம் பக்கத்து ஆள். நரைத்த மீசை. தமிழைக் கேட்டதும் எங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது.

"எத்தன பேருண்ணே எறங்குறீங்க?"

"நாலு" என்றேன்.

அவர் ஐந்து பேரையும் எண்ணிப் பார்த்தார். "அக்கா வரலையா?"

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். "என்னக்கா, வர்றியா?"

"நீங்க போங்கப்பா. நான் பையப் பாத்துக்கறேன்."

"பை எங்கயும் போகாது. லாக்கர் இருக்கு" என்றார் அவர். "இங்க குரங்குகூடக் கெடையாதுண்ணே."

"இருக்கட்டும்… அக்காவுக்குத் தண்ணின்னா பயம்" என்று சொல்லிவிட்டு நான் சட்டையைக் கழற்றினேன்.

இந்தத் தண்ணீர் பயத்தைப் பற்றி அக்கா என்னிடம் என்றைக்குச் சொன்னாள்? எவ்வளவோ யோசித்துவிட்டேன். சொன்னதே இல்லை. நான்தான் சொன்னேன். ஒவ்வொரு அருவியிலும், அவள் சார்பில், நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே பார்த்ததை எல்லாம் எழுதி உங்களைப் பொறாமைப்பட வைக்கப் போவதில்லை. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை என்பது மட்டும் போதும். கரையேறியபோது பசி. அக்கா புளியோதரையைத் தட்டுகளில் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். பிள்ளைகள் மீன் கதையை ஆளுக்கொரு பக்கமாகக் கத்திக்கொண்டே சாப்பிட்டார்கள். அக்கா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மூக்கால மூச்சு விட முடியாதா? மீனு கடிக்காதா? அது மூஞ்சிக்குக் கிட்ட வருமா?

இவ்வளவு கேட்கிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அடுத்த கடற்கரைக்கு வண்டி நிற்கிறதே என்றுதான் தோன்றியது. "வெரசா, வெரசா" என்று எல்லோரையும் விரட்டினேன். இரண்டாவது கடற்கரையிலும் அக்கா பைக் காவல். மூன்றாவதிலும்.

அன்று சாயங்காலம் ரூமில் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். துண்டு தேடி அக்காவின் பையைத் திறந்திருக்கிறாள். உள்ளே, மடிப்புக் கலையாமல் ஒரு சுடிதார். கருநீலம். முழுக்கை.

"நம்ம பாப்பாவோடதா?" என்றேன்.

"அளவப் பாருங்க. அக்காவோடது. கழுத்துல லேபிள் இருக்கு, நம்ம தெரு டெய்லர்ட்டக் குடுத்துத் தைச்சிருக்காங்க. பாப்பா காட்டுன வீடியோவுல சேலையோட எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. என்கிட்டக்கூட மூச்சு விடல."

அக்கா வாழ்நாளில் சேலை தவிர வேறு எதையும் உடுத்தி நான் பார்த்ததில்லை. அறுபதை நெருங்கும் வயதில், யாருக்கும் தெரியாமல், கூச்சத்தோடு டெய்லர் கடைக்குப் போய் அளவு கொடுத்திருக்கிறாள். எதற்கு? பைகளுக்குக் காவல் இருக்கவா?

சுடிதாரை அதே மடிப்போடு பையில் வைத்தேன். "அப்ப ஏன் வேண்டாம்னு சொல்லுச்சு?"

"நீங்க ஒரு தடவதான கேட்டீங்க" என்றாள் மனைவி. பிறகு, "நான் அதுகூடக் கேக்கல" என்றாள்.

நம் ஊர் விஷயம் உங்களுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்தவரிடம் காபி வேண்டுமா என்றால் யாராவது உடனே ஆமாம் என்பார்களா? "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். நாம் விடமாட்டோம். "அட, அரை டம்ளராச்சும்" என்போம். மறுபடி மறுப்பார்கள். மறுபடி வற்புறுத்துவோம். முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது என்று நமக்குத் தெரியும். மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரிடம்கூட இரண்டு தடவை கேட்கிறவன் நான். கூடப் பிறந்தவளிடம் ஒரு தடவையோடு முடித்துக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்வது எனக்கு வசதியாக இருந்தது… உண்மை அதுதான்.

மறுநாள் மதியம்தான் தீவிலிருந்து திரும்பும் கப்பல். விடிந்ததும் அக்காவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன். காற்று கிளம்பிவிட்டது. படகு எதுவும் விடவில்லை. அந்த நரைத்த மீசைக்காரர் கையை விரித்தார். "இன்னிக்கு வாய்ப்பில்லண்ணே. நேத்து கடல் குளம் மாதிரி கெடந்துச்சு…"

"அட விடுப்பா. அதான் கரையில இருந்தே பாத்தேன்ல" என்றாள் அக்கா. அந்தச் சுடிதாரைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

ஊருக்கு வந்து, வேலையில் விழுந்து, மறந்தும்போயிருப்பேன். நம் வருத்தத்துக்கெல்லாம் ஆயுசு எவ்வளவு? அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோவும், அதற்கு அடுத்த நாள் நடந்ததும்தான் விடமாட்டேன் என்கின்றன.

திங்கட்கிழமை காலை அக்கா தூக்குச்சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மதியச் சோறு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். ஜீப்பு நிறைந்திருந்தது. பின்னால் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, நடுவில் அக்கா. நான் வருவதைப் பார்க்கவில்லை.

"மஞ்சளும் கறுப்புமா வரி போட்ட மீனு. நம்ம மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு பாக்குதுங்கறேன்! வாயாலதான் மூச்சு விடணும். மூக்க அடைச்சுப்புடுவான்."

"பயமா இல்லயாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மொதல்ல இருந்துச்சுடி. பெறகு ஏறவே மனசு வல்ல. காலமெல்லாம் ஏலச்செடி தூருல குனிஞ்சே பாத்த கண்ணுல்ல நமக்கு? கீழ பாத்துக்கிட்டே கெடக்குறது ஒரு கஷ்டமா?"

புளியோதரை சாப்பிட்டபடி என் பிள்ளைகள் சொன்னவைதான் எல்லாம். ஒரு மீன்கூட விட்டுப்போகவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் அவளே நினைத்துப் பார்த்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். "என்னண்ணே, நெசமாவே அக்கா கடலுக்குள்ள எறங்குச்சா? இல்ல எங்கள ஏய்க்குதா?"

அக்காவின் முகம் வெளிறியது.

"எறங்காமயா?" என்றேன். "ஏறவே மாட்டேன்னுருச்சு."

பெண்கள் சிரித்தார்கள். அக்கா கீழே இறங்கி வந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதப்பா. அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போயி பையப் பாக்கவா ஒக்கார வச்சான்னு… உன்னையத்தான ஏசுவாளுக."

அவள் ஏறியதும் ஜீப்பு கிளம்பிவிட்டது.

"ஏசட்டும்க்கா" என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன்… நீங்களாவது ஏசுங்கள்.