அம்மாவை அனுப்பிவைத்த லாரிக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னிலிருந்து மகள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் காலணியை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு சொல்லை இழுத்துச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கூடத் தங்கியிருக்கும் ஜப்பான்காரப் பிள்ளையாம்.

"என்னம்மா சொல்லிட்டுப் போகுது?"

"இத்தெகிமாஸ். போயிட்டு வாரேன்னு அர்த்தம்பா. வீட்டுல இருக்கவங்க போயிட்டு வான்னு பதில் சொல்லணுமாம்."

"நீ சொன்னியா?"

"உங்களோட பேசிக்கிட்டு இருக்கேன்லா. ஓகேப்பா, பாய்."

திரை அணைந்துவிட்டது. நம் வீட்டுச் சொல்லை எவளோ ஒருத்தி எங்கேயோ சொல்லிக்கொண்டு போகிறாள், பாருங்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. பிற மொழிகளில் சாப்பாடு கேட்கத் தெரியும், விடைபெறத் தெரியும். நடுவில் உள்ளதற்கெல்லாம் கையை ஆட்டிச் சமாளித்துவிடுவேன். ஈப்போவில் பிழைக்க அது போதும். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசை மலாய்க்கார அக்கா தினமும் சொல்லுவார், "ஜாலான் பாய்க்-பாய்க்." பார்த்துப் பத்திரமாகப் போ என்று. முனைக் கடைப் பாயிடம் "நாளைக்கு வாரேன் பாய்" என்றால், "இன்ஷா அல்லா" என்பார். என்னுடைய நாளையை அதற்கு உரியவரிடம் ஒப்படைத்துவிட்டது போலிருக்கும். சீனர்கள் "மான் மான் ஹாங்" என்பார்கள். மெதுவாக நடந்து போ என்று பொருள். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனிடமும் அதையேதான் சொல்வார்கள்.

இந்தக் கடைசிச் சொல்லை எனக்குச் சொல்லித் தந்தவர் ஆ கியோங் என்ற லாரிக்காரர். அவரை நினைத்தால் அம்மா வந்து நிற்பாள்.

அம்மா ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் வேலை பார்த்தாள். பால்வெட்டப் போகிற பெண்கள் குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். "போயிட்டு வாரேன்டா" என்று அவர்கள் சொல்ல, பேசத் தெரியாத பிள்ளைகளுக்காக அம்மாவே பதில் சொல்வாள், "போயிட்டு வா." தோட்டமே அவளை ஆயா என்றுதான் கூப்பிடும். எங்கள் வீட்டில் யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்து, சொல்லைத் திருத்திவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒவ்வொரு குடும்பம் லாரி ஏறும்போதும் அம்மா படிக்கு வந்து "போயிட்டு வாங்க" என்பாள். ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை என்பது அந்த லாரிக்கே தெரியும். அம்மா மட்டும் தவறாமல் சொன்னாள்.

கடைசியாகக் கிளம்பிய குடும்பம் எங்களுடையது. மலிவு விலை வீட்டுக்கான விண்ணப்பப் பாரத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு மறந்துபோன புண்ணியவான் நான்தான்.

அன்று காலை ஆ கியோங் வந்தார். கட்டில், சாமிப் படங்கள், கோழிக்கூடு எல்லாம் ஏற்றியாயிற்று. அம்மா மட்டும் படியை விட்டு அசையவில்லை.

"ஏறும்மா."

"எல்லாருக்கும் நான் சொல்லி அனுப்புனேன். எனக்கு யாருடா சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீயும்தானே கூட வாரே. போறவன் எப்படி அனுப்பி வெப்பான்? சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு நான் என்ன திருடியா?"

லயம் முழுக்கப் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை. ஆ கியோங் ஹாரன் அடித்தார். என்ன தாமதம் என்று மலாயில் கேட்டார். வெட்கத்தோடு அரைகுறை மலாயில் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும் கிழட்டு எஞ்சின் அது. அதை அணைத்துவிட்டு இறங்கினார். எங்களைத் தாண்டிப் போய், படியேறி, காலி வீட்டு வாசலில் அந்த வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"மான் மான் ஹாங், ஆயா."

நான் தமிழில் எடுத்துக் கொடுத்தேன். அவரும் தட்டுத் தடுமாறிச் சொன்னார், "போய்ட்டு வாங்கோ."

அம்மா கைகூப்பினாள். "போயிட்டு வாரேன் தவுக்கே." தவுக்கே என்றால் முதலாளி. லாரிகூட அவருடையது இல்லை. அதன் பிறகுதான் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஓடிவந்து எஞ்சினோடு மல்லுக்கட்டியபோது என் காதில் சொன்னாள், "அனுப்பி வெச்ச ஆளே ஓட்டிக்கிட்டு வாராரு பாரு."

அதற்குப் பிறகு தீபாவளிதோறும் ஆ கியோங் நாங்கள் குடிபோன ஜெலாப்பாங் வீட்டுக்கு வந்தார். முறுக்கு அவருக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன். கிளம்பும்போது வாசலில் இருவரும் அதே சொற்களை இடம் மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள். இப்போது போகிறவர் அவர், நிற்கிறவள் அம்மா.

அம்மா இறந்த அன்றும் வந்தார். கையில் தடி. சாவு வீட்டில் நாம் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சீனர்களுக்கும் அதே வழக்கம்தான். அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உடலைத் தூக்கியபோது தடியை ஊன்றி எங்கள் படியேறி, வாசலில் நின்று தெளிவாகச் சொன்னார்.

"போய்ட்டு வாங்கோ, ஆயா."

மாமா என் பக்கம் திரும்பினார். "யாருடா அது? சாவு வீட்டுல பேசற பேச்சா இது?"

"விடுங்க மாமா. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்."

ஆ கியோங்கும் இப்போது இல்லை. அவருடைய சாவு வீட்டிலிருந்து வழக்கப்படி ஒருவரிடமும் சொல்லாமல் வந்தேன். இன்றுவரை மனசுக்குள் ஏதோ குறையாகவே இருக்கிறது.

போன வருடம் தோட்டத்துப் பக்கம் காரில் போனேன். அம்மா அன்று வாரேன் என்று சொல்லிவிட்டல்லவா வந்தாள். அவளுக்குப் பதிலாக ஒருவராவது போக வேண்டாமா? லயம் இருந்த இடமெல்லாம் செம்பனை. எல்லா வரிசையும் ஒன்றுபோல இருக்கிறது. எங்கள் படி எந்த மரத்தடியில் கிடக்கிறதென்று தெரியவில்லை. திரும்பக் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். பிறகு அணைத்துவிட்டேன். போயிட்டு வா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.