ஒரு தடவை மட்டும் வரும் வார்னிங்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஹனூர் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இப்போது மறதி வேறு... போன வாரம் எழுதியதையே மறுபடி எழுதி அனுப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்களும் வாரா வாரம் பொறுத்துக்கொண்டு படிக்கிறீர்கள்.

இந்த வாரம் சிரிக்கிற மாதிரி எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து என் மருமகள் ரேவதியை விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வரவில்லை. எல்லாரும் லேப்டாப்புக்குள் இருந்தார்கள் — அவளுடைய மேனேஜர், இன்னொரு பெரிய அதிகாரி, ஆபீசில் ஆள் எடுக்கிற, ஆள் நீக்குகிற பிரிவிலிருந்து ஒரு அம்மாள்.

வேலை போகுமா, நிற்குமா? அதுதான் பேச்சு.

ரேவதிக்கு வாரத்தில் இரண்டு நாள் மைசூர் ஹெப்பாளில் ஆபீஸ், மூன்று நாள் வீட்டு மேஜை. அவள் வேலை பார்ப்பது கெர்னல் என்கிற சமாச்சாரத்தில். கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற புரோகிராம் அது. நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டு இருப்பவையாம். அடியில் இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. மேலே இருப்பது ஆடினால்தான் அடியில் ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். இது கம்ப்யூட்டரில் மட்டும்தானா?

அந்தக் கெர்னலுக்குள் ஏதாவது தப்பு நடந்தால் அது எப்படிச் சொல்லும் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரெண்டு வழி அத்தை. ஒண்ணு, மெஷினே அப்படியே நின்னுடும். இன்னொண்ணு, லாக்குன்னு அதோட குறிப்பேட்டுல ஒரு வார்னிங் எழுதி வெச்சுட்டு அது பாட்டுக்கு ஓடும்."

"நின்னு போறதுதானே கண்ணு நல்லது? தப்புன்னு எல்லாருக்கும் தெரியுமில்ல?"

"நின்னா கஸ்டமர் கத்துவான் அத்தை. நிறுத்தற மாதிரி கோட் எழுதினா, இது எதுக்கு, வார்னிங் போதும்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"சரி, எழுதி வெச்சதை யாரு படிப்பா?"

அவள் சிரித்தாள். "அதான் அத்தை, யாரும் படிக்கமாட்டாங்க!"

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி நான் சொல்லப்போவது சங்கராந்திக்கு முந்தின வாரம் நடந்தது. அவரைக்காய் சீசன். மைசூரில் அந்த மாதம் எந்த வீட்டில் பார்த்தாலும் பிதுக்கம்பருப்புதானே. ஊறவைத்த கொட்டையை விரலால் பிதுக்கிப் பிதுக்கித் தோலை எடுத்துக்கொண்டிருந்தோம், அவள் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். போன் அடித்தது. அவள் கையெல்லாம் ஈரம். "அத்தை, ஸ்பீக்கர் போடுங்களேன்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நான்தான் அமுக்கினேன்.

மேனேஜர் பேசினார். அவரும் இந்த ஊர்த் தமிழர்தான், சும்மா என்பதைக் கன்னடத்தில் 'சும்னே' என்பார்.

ரேவதி ஒரு வார்னிங் எழுதியிருந்தாள். எழுதச் சொன்னது ஒன்று, டிஸ்க்கில் ஏறியது வேறு என்றால், ஒவ்வொரு தடவையும் லாக்கில் சொல்கிற வார்னிங். அது நிறைய வந்து லாக்கை ரொப்புகிறது என்று கஸ்டமர் புகார் செய்திருந்தாராம்.

"ஒன்ஸ்னு மாத்திடும்மா ரேவதி. ஒரு தடவை வந்தா போதும்."

"சார், முதல் தடவை மட்டும் சொல்லும். அப்புறம் மெஷினை ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் எத்தனை தப்பு நடந்தாலும் வாயே தொறக்காது சார். மணிக்கு ஒரு தடவையாச்சும் வர்ற மாதிரி போடலாமே?"

"வளவளன்னு பேசாதம்மா. நாளைக்கு ரிலீஸ்."

"அப்ப மெயில்ல ஒரு வரி போட்டுடுங்க சார், நீங்க சொன்னீங்கன்னு."

"இதுக்கெல்லாமா மெயிலு? சும்னே எதுக்கும்மா? நான் இருக்கேன்ல?"

அவர் வைத்துவிட்டார். ரேவதி கையிலிருந்த கொட்டையைப் பிதுக்காமலே கீழே வைத்தாள். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு போய் மாற்றினாள். அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யார் மாற்றினாலும், கடைசி வரியில் அவர்கள் பெயரைக் கையெழுத்து மாதிரிப் போட வேண்டும். போட்டாள். 'எனக்கு இதில் சம்மதமில்லை' என்று எழுத அங்கே தனி வரி கிடையாது போலிருக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? அந்தக் கஸ்டமரின் மெஷினை நான்கு மாதம் யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. வார்னிங் முதல் நாளே வந்தது. சரியாகத்தான் வந்தது. யாரும் பார்க்கவில்லை. பழைய லாக் தானாக அழிந்துபோகுமாம், அதோடு அதுவும் அழிந்தது. அதற்கப்புறம் தப்பு நடந்துகொண்டே இருந்தது... சத்தமில்லாமல். கடைசியில் திறந்து பார்த்தால் பாதி ஃபைல் குப்பை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

"ஒன்ஸ்னு போட்டது யாரு ரேவதி? கடைசி வரியில யார் பேரு?" என்று கேட்டார் மேனேஜர்.

"என் பேருதான் சார். ஆனா நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

"நானா? மெயில் இருக்கா?"

"போன்ல சொன்னீங்க சார். நான் வேணாம்னு கூடச் சொன்னேன்."

"போன்ல ஆயிரம் பேசுவோம்மா. வேணாம்னு நினைச்சவங்க சைன் போடுவாங்களா?"

அந்த ஆபீஸ் அம்மாள் குறுக்கே வந்தார். குரல் தேன் மாதிரி. "அந்தக் கால் வந்தப்போ உங்ககூட யாராவது இருந்தாங்களா ரேவதி?"

ரேவதி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் இருந்தேன். லேப்டாப்பின் கண்ணில் படாமல் கொஞ்சம் தள்ளி. இரண்டடி நகர்ந்திருந்தால் போதும். "ஆமாங்க, நான் கேட்டேனுங்க" — இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இதற்கு இங்கிலீஷ் வேண்டுமா? படிப்பு வேண்டுமா?

நரைத்த தலையும் பழைய சேலையுமாக அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் எப்படி நிற்பது? நான் ஏதாவது உளறி அவள் காரியம் கெட்டுவிட்டால்? சாக்குத்தான்... எல்லாம் சாக்குத்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். குக்கரில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"யாரும் இல்லை மேடம்" என்று ரேவதி சொன்னது உள்ளே கேட்டது.

மாதக் கடைசியோடு அவளாகவே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த என் மகன், "விடு, வேற வேலை பாத்துக்கலாம்" என்றான். அவனுக்கு முழுசும் தெரியாது. நான் சொல்லவில்லை. ரேவதியும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை அந்த வார்னிங்கைத் திருத்தி அனுப்பினார்கள். இனி மணிக்கு ஒரு தடவை வருமாம்; ரேவதி போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. ரேவதி அன்று கெஞ்சிக் கேட்டது அதுவேதான்! கடைசி வரியில் யார் பெயர் என்று நினைக்கிறீர்கள்? மேனேஜர் பெயர். வாழ்த்துச் சொல்லி நாலு பேர் மெயில் போட்டார்களாம். அதற்கு மட்டும் மெயில் உண்டு.

ஒரு தடவை சொன்னால் காதில் விழாது. பத்து தடவை சொன்னால் நச்சரிப்பு என்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு "ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்பார்கள். இந்த உலகத்தில் எச்சரிக்கிறவளாகப் பிறக்கக் கூடாது.

ஆனால் அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? அந்த மெஷினாவது முதல் நாள் ஒரு தடவை வாயைத் திறந்தது. நான்?

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை துணி மடிக்கும்போது ரேவதி கேட்டாள். "அத்தை, அன்னிக்கு அவர் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு கண்ணு."

"ம்" என்றாள். என் சேலையை எடுத்து நான்காக மடித்து, நலுங்காமல் என் பக்கம் வைத்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன். இதனால் அவளுக்கு வேலை திரும்பி வராது, தெரியும்.

கெர்னல், லாக் என்று நான் எழுதியதில் நிறையத் தப்பு இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரி பார்த்து எழுதுங்கள். வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள்... ரேவதி இப்போது அந்த வேலையைப் பற்றி என்னிடம் எதுவும் பேசுவதில்லை.