பச்சை வாளியில் கொஞ்சம் கடல்

ஏலப்பாறையிலிருந்து ஒரு கடிதம். போன திங்கட்கிழமை எழுதியது என்று மேலேயே குறித்திருக்கிறார். கடிதத்தில் நாள் குறிப்பவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும். தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாம்.

"உங்கள் உப்புத் தண்ணீர் மீன் தொட்டியைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. சின்னதாக ஒன்று வைக்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். வாரம் ஒருமுறை மாற்றுகிற பழைய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றித் தேயிலைதான். தென்னை கிடையாது. நான் எங்கே ஊற்றுவது? மற்றபடி, ரவுடி நலமா?"

நியாயமான கேள்விதான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நேற்றுதான் மறுபடி எடுத்தேன்.

பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக முன்கதை. கேரள எல்லையில், வேலந்தாவளம் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் தென்னையும் நிலக்கடலையும். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது – எங்கள் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதைத் தவிர. அப்படிப்பட்ட ஊரில், ஹாலுக்குள் கடல் வைத்தவன் நான்.

கொச்சியில் வேலை பார்க்கும் மகள் பிறந்தநாள் பரிசாகக் கண்ணாடித் தொட்டியை அனுப்பிவைத்தாள். ஃபில்டர் பிடித்த தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்து, உப்பின் அளவைக் கருவி வைத்துப் பார்த்து, கல் அடுக்கி... அதன்பிறகு மீனே விடாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி அந்த நாட்களில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். இரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். கணவர் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வெளியூர்தான்.

"ஏனுங்கண்ணா, வெறுந்தண்ணிக்கா லைட்டு போட்டு வெச்சிருக்கறீங்க?"

"பக்குவமாகணும் ஈஸ்வரி. அப்புறந்தான் மீனு."

"என்ற ஊட்டுக்காரரையும் இப்படி ஒரு பொட்டியில போட்டு வெச்சாப் பக்குவமாவாருங்களா?"

என் மனைவி மல்லிகா அன்றெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மீன் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். "ஃபர்ஸ்ட் டைமா சார்? தைரியமான மீனா எடுங்க. பயந்த மீன் தாங்காது" என்றார் கடைக்காரர். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. நீல டாம்ஸல் ஒன்று.

அந்த நீலம்தான் ரவுடி. பெயர் மல்லிகா வைத்தது. என் கட்டைவிரலில் பாதிகூட இருக்காது. தொட்டிக்குள் கையை விட்டால் மற்ற இரண்டும் கல்லுக்குப் பின்னால் போய்விடும். ரவுடி போகாது. நேராக வந்து விரல் நுனியைக் கடிக்கும். வலிக்காது. ஆனால் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவு பெரிய கையைப் பார்த்து அதற்கு எப்படிப் பயம் வரவில்லை?

அதைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். தைரியத்துக்கு உடம்பின் அளவு கணக்கில்லை என்று நானே ஒரு வாக்கியம் எழுதி, நானே மெச்சிக்கொண்டேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள்.

அந்தக் கட்டுரை வெளிவந்த வாரம்தான் இது நடந்தது.

செவ்வாய்க்கிழமை. தண்ணீர் மாற்றும் நாள். தென்னைக்கு உப்பு வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம் என்பதால், மாற்றிய தண்ணீரை வாரத்துக்கு ஒரு மரம் என்று ஊற்றி வந்தேன். அன்று என் வாளியில் புதுத் தண்ணீர் கரைந்துகொண்டிருந்தது. பழைய தண்ணீரை இறக்க இன்னொரு வாளி வேண்டும். பின்வாசல் படியில் பச்சை வாளி காலியாக இருந்தது.

அது கழனித்தண்ணீர் வாளி. அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாம் அதில்தான் சேரும். சாயங்காலம் ஈஸ்வரி வந்து மாட்டுக்கு எடுத்துப் போவார். காலி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்.

ரப்பர் குழாய் போட்டு அதில் இறக்கினேன். முக்கால் வாளி வந்தது. தூக்கிப் படியில் வைத்தேன். தென்னைக்குக் கொண்டுபோக வேண்டும்... போன் அடித்தது.

ஒரு வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் பேச அழைத்தார்கள். தலைப்பு? 'தைரியம்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். ஹாலில் நடந்துகொண்டே வெகுநேரம் பேசினேன். பெரும்பாலும் என்னைப் பற்றி.

அதற்குள் மல்லிகா வழக்கம்போல அரிசி கழுவிய நீரை அதில் ஊற்றி, மேலே பூசணித் தோலைப் போட்டுவிட்டாள். வாளி வழக்கமான இடத்தில் இருந்தது; அதற்குள் கடல் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் பின்பக்கம் போனேன். பச்சை வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டுத்தான். மாட்டுத் தண்ணீரில் கைப்பிடி உப்புப் போடுவது வழக்கம்தானே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

காலையில் ஈஸ்வரியின் குரல் கேட்டது.

"மல்லிகாக்கா! செவலை மாட்டுக்கு ஒரே கழிச்சலுங்க. அசை போடறதில்ல. தண்ணி வெச்சா மட்டும் குடிச்சுட்டே கெடக்குது. எனக்கு ஈரக்கொலையே நடுங்குதுங்க!"

மிருகாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். திருச்சூர்க்காரர். நாங்கள் தமிழில் கேட்போம், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார், யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஊசி போட்டார்.

"எந்தா கொடுத்தது? புதியதா வல்லதும்?"

"புண்ணாக்கு மூட்டை புதுசுங்க. முந்தாநாத்துத்தான் பிரிச்சேன்."

டாக்டரம்மா மூட்டையில் கைவிட்டு முகர்ந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அப்புறம், "உப்பு கூடிப்போயோ?" என்று கேட்டார்.

"கைப்பிடிதானுங்க போடுவேன். என்னிக்கும் போடறதுதான்."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு. மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு. கேள்வி காற்றில் கிடந்தது. எடுத்துக்கொள்ள ஒருவன் இருந்தான். எடுத்துக்கொள்ளவில்லை.

"புண்ணாக்கா, வேறயா... உறப்பிச்சு பறயான் பற்றில்ல" என்றார் டாக்டரம்மா. உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன் நான். உறுதியில்லை! மழை பெய்த நாளையும் மாமரம் பூத்த நாளையும் குறித்து வைக்கிறவன். சரிபார்க்காத எதையும் எழுதாதவன் என்று பெயர் வாங்கியவன். உறுதியில்லாத ஒன்றை நான் எப்படிச் சொல்வது? எவ்வளவு சௌகரியமான கொள்கை, பாருங்கள்.

செவலை தேறிவிட்டது. பால்தான் கொஞ்ச நாள் குறைந்திருந்தது. விஷயம் அதோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியே கிடையாது.

சந்தை நாள் வந்தது. வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடுகிற நாளில் முருகேசுவின் தீவனக் கடையில் நிற்க இடம் இருக்காது. எனக்கு மட்டும் எப்போதும் பெஞ்சில் ஓர் ஓரம் உண்டு. பேப்பர் உண்டு. கேட்காமலே டீ வரும். அன்றும் டீயோடு உட்கார்ந்திருந்தேன். ஈஸ்வரி உள்ளே வந்தார்.

"ஏனுங்க முருகேசண்ணா, பூசணம் புடிச்ச புண்ணாக்கை விக்கறதுக்கு சொமைக்கூலியும் கேப்பீங்களா?"

"என்ன அம்மிணி சொல்ற? என்ற சரக்கா?"

"வாயில்லா சீவன் கெடந்து துடிச்சுதுங்க. நீங்க வந்தா பாத்தீங்க? நாலு காசுக்கு ஏனுங்க இந்தப் பொழப்பு?"

மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் தான் வாங்கிய பையைப் பிரித்து முகர்ந்தார். இன்னொருவர், "நானுமே ரெண்டு மூட்டை சொல்லியிருந்தேன்... இருக்கட்டும், அடுத்த வாரம் பாப்போம்" என்று நழுவினார். முருகேசுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடை வைத்த நாளிலிருந்து அந்த மனிதரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க சொல்லுங்க. நாலு ஊருக்கு எழுதறவரு. அவங்க பக்கத்து ஊட்ல இருக்கறவரு. என்ற கடைச் சரக்கு அப்படியா இருக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "விசாரிக்கணும்" என்றேன்.

விசாரிக்கணும்! யாரை? எங்கே? விசாரிக்கப்பட வேண்டிய ஆள் அந்தப் பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தான்?

மறுநாள் தொட்டியின் கண்ணாடியில் பாசி துடைக்கக் கையை விட்டேன். ரவுடி வந்து கடித்தது. வழக்கம்போலத்தான். நான் கையை வெளியே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடுக்களையிலிருந்து வந்த மல்லிகா, "ஏனுங்க, என்னாச்சு?" என்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

முழுதும் கேட்டாள். உட்காரவில்லை.

"மீனுக்கு ரவுடின்னு பேரு வெச்சேன். உங்களுக்கு என்னன்னுங்க பேரு வெக்கறது?"

சட்டையை மாட்டிக்கொண்டு ஈஸ்வரி வீட்டுக்குப் போனேன். நாலு எட்டுத்தான் என்று சொன்னேன் இல்லையா... அன்று அது நாலு எட்டாக இல்லை.

ஈஸ்வரி சாணி வாரிக்கொண்டிருந்தார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மாட்டைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கூடையை இறக்கி வைத்தார்.

"செவலைக்கு வந்தது போச்சுங்கண்ணா. அந்த மனுசனை அத்தனை பேரு முன்னால அப்படிக் கேட்டனே... நீங்க பெஞ்சிலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா ஈஸ்வரி."

"டீ குடிச்சுட்டு?"



"நாளைக்கே போய் முருகேசுகிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

"நாளைக்கு வேண்டாமுங்க. கடையில ஈ காக்கா இருக்காது. அடுத்த சந்தைக்குப் போலாம். அன்னிக்குக் கேட்டவங்க எல்லாம் வருவாங்க. நானும் வர்றேன். என்ற வாயால நானும் சொல்லோணுமில்லீங்க?"

போனோம். கூட்டத்துக்கு நடுவில் நின்று, மாட்டுக்குக் கடல் தண்ணீர் வைத்தவன் நான்தான் என்று சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு.

"கடலா? வேலந்தாவளத்திலயா?"

"மீன் குளிச்ச தண்ணியை மாடு குடிச்சுதாமப்பா!"

"அப்ப பாலே மீன் குழம்பு மாதிரிதான் இருந்திருக்கும்!"

சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். முருகேசு சிரிக்கவில்லை. ஈஸ்வரி அவரிடம் கை கூப்பி, "நாந்தானுங்க அவசரப்பட்டுட்டேன்" என்றபோது, "விடு அம்மிணி, மாடு நல்லாயிடுச்சுல்ல" என்றார். அப்புறம் தராசில் தவிட்டைக் கொட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"விசாரிக்கணும்னு சொன்னீங்களே அண்ணா. விசாரிச்சாச்சுங்களா?"

ஈஸ்வரிக்கு டீ வந்தது. எனக்கு வரவில்லை.

முருகேசு கடையில் கூட்டம் பழையபடி வந்துவிட்டதா? அநேகமாக. அடுத்த வாரம் பார்ப்போம் என்று நழுவியவர் மட்டும் வேறு கடையில் வாங்குவதாகக் கேள்வி. வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஈஸ்வரி இப்போதும் பேசுகிறார், சிரிக்கிறார். ஆனால் கழனித்தண்ணீர் எடுக்க வருவதில்லை. மல்லிகா கேட்டால், "மேக்கால ஊட்ல இருந்தே பத்துதுங்கக்கா" என்கிறார். சாயங்காலமானால் மல்லிகா பச்சை வாளியைத் தூக்கிப் போய் வாழைக்கு ஊற்றிவிட்டு வருகிறாள். வாளியைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். வெயில் காலத்தில் தண்ணீர் மட்டம் குறையும். ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே இருக்கும். நாளாக ஆக இன்னும் கரிக்கும்.

ஏலப்பாறை நண்பரே, தேயிலைக்கு ஊற்றாதீர்கள். சாக்கடையில் ஊற்றுங்கள். அதற்கென்று தனியாக ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் எடுக்காத வாளி. ரவுடி நலம். இன்று காலையிலும் கடித்தது.

சரிபார்க்காததைச் சரிபார்த்ததுபோல எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே இதையும் குறித்துவிடுகிறேன். செவலைக்கு வந்த கழிச்சல் என் வாளித் தண்ணீரால்தானா, புது மூட்டைப் புண்ணாக்காலா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. உறுதியான ஒன்று உண்டு: டாக்டரம்மா உப்பைப் பற்றிக் கேட்டபோது நான் அங்கே இருந்தேன்.