தரை அதிராமல் வந்த ரயில்

எனக்கு எழுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். போராடி எங்கள் பெயருக்குப் பதிந்த குத்தகை நிலம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பழைய ரயில் தூரத்தில் வரும்போதே தரை அதிரும். அதை நம்பித்தான் இத்தனை காலமும் குறுக்கே நடந்தோம்.

மின்சார ரயில் விட்ட புதிதில் ஒருநாள், தரை அதிரவில்லையே என்று, தலையில் நாற்றுக் கட்டோடு தண்டவாளத்தில் கால் வைத்தேன். பின்னால் வந்த என் ஓரகத்தி செல்லம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எவடி அவ, சேலையை இழுக்குறது?" என்று கத்தினேன்.

அவள் வாய் திறப்பதற்குள் ரயில் என் முகத்துக்கு நேரே கடந்து போனது. நாற்றெல்லாம் சிதறிக் கிடந்தது.

"இப்பக் கத்துங்க பாப்போம், அக்கா" என்றாள்.

அந்த ரயிலால்தான் எங்கள் தெருப் பெண்கள் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்ப் பொழுதோடு வீடு திரும்புகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் காற்று பலமாக அடித்தால், அடுப்படியில் நிற்கும்போதுகூட எதிரே ரயில் போவது போலவே இருக்கிறது. இப்போதெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றாலும் சுரங்கப்பாதை வழியாகத்தான் வயலுக்குப் போகிறேன்.

இதை எழுதுகிறவள் என் பேத்தி. அடியே, எழுதினதை ஒருதரம் படிச்சுக் காட்டு. என்னைக் காப்பாத்துனது செல்லம்மாதான்னு அதுல இருக்கா?